இரைச்சலில் தூங்கும் சேர்மன்

தருமபுரி மாவட்டத்திலேயே பூனையை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியவர் எங்கள் மிக்ஸிக்காரர் ஒருவர்தான். கடவுளே இறங்கி வந்து இன்னொருவரைக் காட்டினாலும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அதியமான்கோட்டையில் பைபாஸ் ஓரம் என் தையல் கடைக்கு அடுத்த கடை அவருடையது. பழுதான மிக்ஸிகளைச் சரிசெய்வார். நிஜப் பெயர் யாருக்கும் நினைவில்லை. ஓசூரில் இருக்கும் அவர் மகள்கூட என் போனுக்கு அழைத்தால், "மிக்ஸிக்காரர்கிட்ட குடுங்கண்ணா" என்றுதான் சொல்லும். சமையல், படுக்கை எல்லாம் கடைக்குள்ளேயே. விடிந்தால் பொழுது சாயும்வரை ஏதாவது ஒரு மிக்ஸி அலறும். அது ஓய்ந்தால் லாரிகள் அலறும்.

இந்த இரைச்சலுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தது அவருடைய சாம்பல் நிறப் பூனை. பெயர் சேர்மன். எந்த வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பெயர். ஒருமுறை எலி ஒன்று அதன் வாலைத் தாண்டி நிதானமாக நடந்து போனது. சேர்மன் காதை மட்டும் லேசாக ஆட்டியது, ஈ என்று நினைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு வந்தால் மிக்ஸிக்காரர் சேர்மனை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு வத்தல்மலைக்குப் புறப்படுவார். மலைக்குத் தார் ரோடு இருக்கிறது, பஸ் போகிறது. அவருக்கு அடிவாரத்திலிருந்து ஏறும் பழைய ஒற்றையடிப் பாதைதான் வேண்டும். "ரோட்டுல போனா சேர்மனுக்குத் தலை சுத்துங்க" என்பார்.

அந்தப் பையைத் தைத்தது நான்தான். காற்றுக்குக் கொசுவலையில் ஒரு ஜன்னல் வைத்தேன். ஜிப் பிய்ந்தால் என்ன ஆவது என்று மேலே பட்டன் வைத்தேன். பட்டன் தெறித்தால் என்ன ஆவது என்று நாடாவும் வைத்தேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு மிஷின் மிதிக்க வந்தவன் நான். எனக்குக் கணக்கு வராது, பயம் மட்டும் நன்றாக வரும். பையோடு அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதைவிடக் கூடவே போய்ப் பயப்படுவது மேல் என்று, கயிறு, டார்ச், விசில், பிளாஸ்திரி சகிதம் நானும் கிளம்பிவிடுவேன். "டெய்லரே, நாம போறது மலைக்கா சண்டைக்கா?" என்று வாராவாரம் கேட்பார்.

ஆரம்பத்தில் அந்தப் பாதையில் எங்களைத் தவிர ஆடு மேய்ப்பவர்களும் மலைக்காரர்களும்தான். மிக்ஸிக்காரர் வழிநெடுகச் சேர்மனிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஏறுவார். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் பாறைமேல் நின்று வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார். அடுத்த மாதமே பாதை சந்தையாகிவிட்டது. கலர் கலராகத் தொப்பிகள், கையில் குச்சிகள், பைக்குப் பை ஒரு ஸ்பீக்கர். இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு நிற்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும்.

மிக்ஸிக்காரர் கூட்டத்தை ஒழிக்கச் சபதம் போட்டார். அடிவாரத்தில் நின்று, மேலே சிறுத்தை நடமாடுகிறது என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். அடுத்த ஞாயிறு இரண்டு மடங்கு கூட்டம், எல்லோர் கழுத்திலும் கேமரா. பயந்தது நான் ஒருவன்தான். அது அவர் கட்டிய கதை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சிறுத்தைக்கு அது தெரிய வேண்டுமே.

கூட்டத்தை நம்பி, உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலைக்கார அக்கா ஒருவர் பஜ்ஜிக் கடை போட்டார். அவருடைய மிக்ஸி, லாரி மேடேறுவதுபோல முக்கி முனகி உறுமும். "அண்ணா, இதைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று வாராவாரம் கெஞ்சுவார். இவர் அசையவில்லை. "சட்னி நல்லாருந்தா இன்னும் கூட்டம் வரும்மா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

அப்படியான ஒரு ஞாயிறு. பாதி வழியில், பெரிய பாறைக்குப் பக்கத்தில், காலேஜ் பசங்கள் எங்களை வளைத்துக்கொண்டார்கள். சேர்மனோடு போட்டோ வேண்டுமாம். வழக்கமாக மறுத்துவிடுவார். அன்றைக்கு ஒருவன் பைக்குள் எட்டிப் பார்த்து, "சேர்மன் சார் வணக்கம்" என்று கும்பிட்டான். மிக்ஸிக்காரர் உருகிவிட்டார்.

"பாட்டை நிறுத்துனாத்தான் போட்டோ" என்று நிபந்தனை போட்டார். நிறுத்தினார்கள். முன்னாலும் பின்னாலும் இருந்தவர்களும் பூனையைப் பார்க்கும் ஆசையில் தங்கள் ஸ்பீக்கர்களை அணைத்தார்கள். நாடா, பட்டன், ஜிப் எல்லாவற்றையும் திறந்து சேர்மனைப் பாறைமேல் வைத்தார். யாரும் பேசவில்லை. மலையே மூச்சடக்கி நின்றது.

சேர்மன் கண்ணைத் திறந்தது. பிறந்ததிலிருந்து கேட்காத ஒன்றை அது கேட்டது: நிசப்தம். முதுகு சிலிர்த்தது. ஒரே தாவு. புதருக்குள் போய் மறைந்துவிட்டது.

"யாரும் சத்தம் போடாதீங்க, பயந்துக்கும்" என்றார் மிக்ஸிக்காரர். அந்தக் கூட்டம் முழுக்க வாயில் விரல் வைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தேடியது. எவ்வளவுக்கெவ்வளவு அமைதியாகத் தேடினோமோ அவ்வளவுக்கவ்வளவு சேர்மன் தூரம் போயிருக்க வேண்டும். எனக்குள் மலைப்பாம்பு, செந்நாய், கிணறு என்று வரிசையாக வந்தன. கட்டுக்கதைச் சிறுத்தையும் வந்தது.

வெயில் சாய ஆரம்பித்தது. மிக்ஸிக்காரர் காலிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டார். கொசுவலையை விரலால் நீவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அது இல்லாம கடைக்குள்ள எப்பிடி டெய்லரே போறது? யார்கிட்டப் பேசறது நானு?"

என் பையில் அதற்கு மருந்து இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போது மேலேயிருந்து அந்த உறுமல் வந்தது. பஜ்ஜிக்கடை அக்கா சட்னி அரைக்கிறார். நான் மிக்ஸிக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அந்த மனிதர் ஓடினார் பாருங்கள், அவர் முழங்கால் வலி அன்றைக்கு எங்கே போயிற்றோ.

கடையில், அதிர்கிற மிக்ஸியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சேர்மன் தூங்கிக்கொண்டிருந்தது. "இது உங்க பூனைங்களா? சாக்குன்னு நெனச்சு மேல தட்டு வெக்கப் போனேன்" என்றார் அக்கா. மிக்ஸிக்காரர் சேர்மனைத் தொட்டுப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்தார், கூட்டத்தோடு கூட்டமாகப் பஜ்ஜி தின்றார். இறங்கும்போது பின்னால் வந்த பசங்களிடம், "பாட்டுப் போடுங்க சாமி, நல்லாச் சத்தமா" என்றார்.

அடுத்த வாரம் சாமான்களோடு போய் அக்காவின் மிக்ஸியைப் பிரித்தார். புஷ், கார்பன் எல்லாம் மாற்றினார். மிக்ஸி சத்தம் அடங்கித் தேனீ மாதிரி ஓடியது. பைக்குள் சேர்மன் ஒரு கண்ணைத் திறந்து அவரை முறைத்தது. மிக்ஸிக்காரர் யோசித்தார். ஒரு ஸ்குரூவை லேசாகத் தளர்த்திவிட்டார். கடகடவென்று ஆட ஆரம்பித்ததும் சேர்மன் கண்ணை மூடிக்கொண்டது.

"ஏண்ணா, இதுக்கா இவ்ளோ நேரம் உக்காந்தீங்க?" என்று கேட்டார் அக்கா. பாவம், நியாயமான கேள்வி.

இப்போது மிக்ஸிக்காரர் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். சேர்மன் என் தையல் மிஷினுக்கு அடியில். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தினமும் போன் வரும். முதலில் சேர்மனை விசாரிப்பார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எம்மவ வூடு ரொம்ப அமைதிங்க டெய்லரே. கண்ணை மூடுனாத் தூக்கமே வரல" என்பார்.

நான் போனை மிஷின் பலகையில் வைத்துவிட்டு, துணி இல்லாமலேயே வெறும் மிஷினை மிதிப்பேன். ஆபரேஷன் செய்த கண்ணுக்குத் தூக்கம் கெட்டால் என்ன ஆவது? அந்தப் பக்கம் குறட்டை கேட்கும்வரை நிறுத்தமாட்டேன்.

மிஷின் கடகடவென்று ஆடுகிறது, எண்ணெய் விடவேண்டிய காலம் தாண்டிவிட்டது. அவர் வரட்டும்.