முகப்பருவுக்கு ஏழு மண்டையப்பம்

என் வீட்டுக்காரருக்கு வயது நாற்பத்தாறு. அவர் முகத்துக்கு மட்டும் பதினெட்டு.

பதினெட்டு வயதுப் பையன்களுக்கு வரவேண்டிய பருவெல்லாம் வழி தவறி எங்கள் வடசேரி வீட்டுக்கு வந்து, அவர் கன்னத்திலும் மூக்கிலும் நாடியிலும் குடியேறிவிட்டன. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து இரண்டு மருமகன்கள் வந்தாயிற்று. மருமகன்கள் முகம் சுத்தம். மாமனார் முகம்தான் பலாப்பழம்.

வந்தது வந்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பருவின் மேல் கோபமில்லை. அவர் விரலின் மேல்தான் கோபம். இடது கைச் சுண்டுவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வளர்த்து வைத்திருந்தார். எதற்கு? பருவைக் கிள்ள. காலையில் எழுந்ததும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவார். பல் தேய்ப்பதற்கு முன்னால் அந்தக் கைங்கரியம் நடக்க வேண்டும். பிறகு தலையில் உழக்கு எண்ணெய். அது நெற்றியில் இறங்கி, மூக்கு நுனியில் வந்து தொங்கும். அதைத் துடைக்க ஒரு துவர்த்துத் துண்டு வைத்திருந்தார். அந்தத் துவர்த்தால் குடையைத் துடைப்பார். தாலுகா கச்சேரிக்கு வேலைக்குப் போனால் தன் குமாஸ்தா நாற்காலியைத் துடைப்பார். வெற்றிலைக் கையைத் துடைப்பார். அதே துவர்த்தால் முகத்தையும் துடைப்பார். வெளுக்கப் போடுங்கள் என்றால் நேற்றுதானே போட்டேன் என்பார். அந்த நேற்று போன மாதத்தில் இருக்கும்.

தின்கிறதைச் சொல்லவே வேண்டாம். பாயசம் இல்லாத கல்யாணத்தை அவர் கல்யாணம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். முந்திரிக்கொத்து சுட்டால் நான் டப்பாவில் போடுவதற்குள் பாதி அவர் வாயில் போயிருக்கும்.

இதைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியாது. அவருடைய அண்ணனும் இப்படித்தான் மூக்கோரத்தில் ஒரு பருவைக் கிள்ளினார். மிளகு அளவுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை கிள்ளினார். அடுத்த வியாழக்கிழமை அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மதினி இப்போது பூதப்பாண்டியில் அவள் தம்பி வீட்டு அடுக்களையில் கிடக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு வருகிற நாளெல்லாம் நான் பத்துத் தடவை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன், குங்குமம் இருக்கிறதா என்று.

அண்ணனைத் தோளில் சுமந்த அதே மனுஷன், மார்கழி மாதத்தில், அதே மூக்கோரத்தில், அதே காரியத்தைச் செய்தார். மறுநாள் மூக்கு கத்தரிக்காய் போல ஆயிற்று. அதற்கு மறுநாள் ஒரு கண் மூடிக்கொண்டது. காய்ச்சல் அனலாக அடித்தது. நான் அழவில்லை. ஏசினேன். வண்டி வைத்துக் கோட்டாற்றுக்குக் கொண்டுபோகிற வழியெல்லாம் ஏசினேன். அங்கே செல்வதாஸ் வைத்தியர் ஒத்தடம் கொடுத்து, களிம்பு பூசி, கஷாயம் ஊற்றி ஐந்து நாள் பார்த்தார். அந்த ஐந்து நாளும் நான் வாயை மூடவில்லை. மூடினால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

ஆறாம் நாள் வீக்கம் வடிந்தது. வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாராயணபெருமாள் பிழைச்சது எனக்க மருந்தால இல்ல, ஒங்களுக்க அதிர்ஷ்டத்தாலயாக்கும். இனிமே அந்த முகத்துல அவருக்க கை படப்பிடாது. பாத்துக்கிடுங்க."

எல்லோரும் பெண்டாட்டியிடம்தான் சொல்வார்கள். முகம் அவருடையது. விரல் அவருடையது. பார்த்துக்கொள்ள வேண்டியது மட்டும் நான். வைத்தியர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். முகத்துக்குத் தனித் துவர்த்து, தினமும் வெந்நீரில் அலச வேண்டும். தலையணை உறையை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காலையும் மாலையும் பயற்றுமாவு போட்டு மெதுவாகக் கழுவ வேண்டும், தேய்க்கக் கூடாது. எண்ணெய் வைத்தால் அன்றைக்கே தலை முழுக வேண்டும். படுக்கப்போகும் போது கந்தகக் களிம்பு தொட்டு வைக்க வேண்டும். அதோடு நெய், சர்க்கரை, வெல்லம், எண்ணெய்ப் பலகாரம் எதுவும் அவருக்கு ஆகாது, அவர் முகம் அப்படிப்பட்டது என்றார்.

விதி அவருக்கு, வேலை எனக்கு. பயறு திரித்தேன், வெந்நீர் போட்டேன், உறை அலசினேன். நாலு நாள் பசுமாடு மாதிரி அடங்கி இருந்தார். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வெளியே போனவர் ஒரு தூக்குவாளியோடு திரும்பி வந்தார். திறந்து பார்த்தேன். பால்பாயசம்.

"நாகராஜா கோயிலுக்கு நேர்ந்திருக்கேன்" என்றார். "முகம் தெளியுத மட்டும் ஞாயித்துக்கிழமை தோறும் பாயசம்."

"வைத்தியர் இனிப்பு தொடப்பிடாதுன்னு சொன்னாரே, ஓர்மை இருக்கா?"

"இனிப்பு வேற, பிரசாதம் வேற. பிரசாதத்த வேண்டாம்னு தள்ளினா நாகராஜா சும்மா விடுவாரா? இருக்க தோலும் உரிஞ்சு போவும்."

இன்னும் ஒரு சட்டமும் சொன்னார். நேர்ந்தவன்தான் முதலில் உண்ண வேண்டுமாம். அதுவும் வயிறு நிறைய உண்ண வேண்டுமாம். சொல்லிக்கொண்டே வாளியைக் கவிழ்த்துக் குடித்தார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு நேர்ந்த உண்ணியப்பம் வந்தது. சனிக்கிழமை கிருஷ்ணன் கோயிலிலிருந்து நெய் வழியும் சர்க்கரைப் பொங்கல். வாரத்தில் மூன்று நாள் பக்தி. உப்பும் மிளகும் வாங்கிக்கொள்கிற சாமி எத்தனையோ நம் ஊரில் இருக்கிறது. அவற்றில் ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை. தை பிறப்பதற்குள் நாடியில் மூன்று பருவும் நெற்றியில் இரண்டும் கிளம்பின. ஒன்று மூக்கோரத்தில்.

அதைப் பார்த்த அன்றைக்குக் குழம்புச் சட்டியைக் கீழே போட்டேன். நேரே கோட்டாற்றுக்கு நடந்தேன். வைத்தியர் எல்லாம் கேட்டுவிட்டுக் கையை விரித்தார்.

"நான் வேதக்காரன், ஏசுவக் கும்பிடுதவன். மருந்துக் குப்பிய நிறுத்தச் சொன்னா நிறுத்திப் போடுவேன். ஒங்க சாமிக்க பாயசத்த நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டுமா?"

திரும்பி வருகிற வழியில் யோசித்தேன். ஏசிப் பார்த்தாயிற்று. அண்ணனைச் சொல்லிப் பயமுறுத்தியாயிற்று. பரு போனால் கோயிலைச் சுற்றி உருளுவார் என்று நானே நேர்ந்துவிடலாமா? கூடாது. உருள வேண்டும் என்று தெரிந்தால் பரு போகாமல் பார்த்துக்கொள்வார். அந்த மனுஷனைப் பயம் அசைக்காது, வெட்கம் அசைக்காது. ஒன்றே ஒன்றுதான் அசைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் துணியில் ஒரு சக்கரக் காசு முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். அவர் கச்சேரியிலிருந்து வந்தார். மண்டைக்காட்டு அம்மைக்கு நேர்ந்திருக்கிறேன் என்றேன். மாசிக் கொடைத் திருவிழாவுக்குள் முகத்தில் ஒரு பருகூட இல்லையென்றால் ஏழு மண்டையப்பம்.

அவர் கண் விரிந்தது. விரியாமல் என்ன செய்யும்? பச்சரிசி மாவும் வெல்லமும் சிறுபயறும் நெய்யும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து, தலை மாதிரி உருட்டி, கண் மூக்கு வாய் வைத்து ஆவியில் அவித்து எடுப்பது. தலைவலிக்காரர்கள் அம்மனுக்குப் படைப்பது. தலைக்குச் செய்கிறவள் முகத்துக்குச் செய்யமாட்டாளா, முகமும் தலையில்தானே இருக்கிறது என்று அவரே எனக்கு எடுத்துச் சொன்னார்.

"ஆனா ஒண்ணு" என்றேன். "அம்மை பொறாமக்காரி. கொடை முடியுத மட்டும் வேற சாமிக்க பிரசாதம் ஒங்க வாயில படப்பிடாது. வீட்டு இனிப்பும் படப்பிடாது. பட்டா நேர்ச்சை அழிஞ்சு போவும்."

அப்படி ஒரு விதி உண்டா என்று எனக்குத் தெரியாது. அவர் சட்டம் போடலாம், நான் போடக்கூடாதா?

பாயசத்தையும் பொங்கலையும் ஒரு தட்டிலும், ஏழு மண்டையப்பத்தை மறு தட்டிலும் வைத்து மனசுக்குள் நிறுத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு கேட்டார்.

"அப்பம் எவ்வளவு பெருசு?"

எல்லோரும் செய்கிறபடி தேங்காயளவு என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. ஆளுக்க தலை எவ்வளவோ அப்பமும் அவ்வளவு இருந்தால்தான் அம்மை கணக்கில் எடுப்பாள் என்று வாதாடினார். நூலை எடுத்துத் தன் தலையைச் சுற்றிப் பிடித்து, அளவில் ஒரு முடிச்சும் போட்டு என் கையில் தந்தார். நான் அதைப் பத்திரமாக வாங்கி வைத்தேன்.

அன்று மாலையே சுண்டுவிரல் நகம் போயிற்று. நான் வெட்டச் சொல்லவில்லை. மறுநாள் விடியும்முன் எழுந்து துவர்த்தைத் தானே வெந்நீரில் அலசிக் கொடியில் போட்டார். பயற்றுமாவைக் குழைத்து, குழந்தை முகத்தைத் தொடுகிற மாதிரித் தொட்டுக் கழுவினார். தலையணை உறையை நான் மறந்தால் எனக்கு ஏச்சு விழுந்தது. கச்சேரியில் யாரோ பிள்ளை பிறந்ததற்குக் கொடுத்த லட்டுவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து என் கையில் தந்தார். அடுத்த வீட்டு ஜெயபாய் மகளுக்கு நெற்றியில் ஒரு பரு வந்ததும், மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, கை வைக்காதே மக்களே, கை வைக்காதே என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார். ஜெயபாய் என்னிடம் வந்து, இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாள். எனக்கு வாயில் வந்ததை அவள் காதில் போட முடியவில்லை.

பரு உதிர்ந்தது. மூக்கோரத்தில் இருந்தது தழும்பாகி, தழும்பும் மங்கியது. நாற்பதாம் நாள் முகம் வாழையிலை மாதிரி இருந்தது.

நான் சந்தோஷப்பட வேண்டாமா? பட்டேன். அன்று மாலை விளக்கு வைத்துவிட்டு அம்மையை நினைத்துக் கும்பிட்டேன். கும்பிட்டு நிமிர்ந்தபோது உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது. என் தாலிக்காக ஒரு நாள் செய்யாத காரியத்தை, செத்துப்போன அண்ணனுக்காகச் செய்யாத காரியத்தை, இந்த மனுஷன் ஏழு அப்பத்துக்காக நாற்பது நாள் செய்திருக்கிறார். அந்த அப்பத்தில் ஒரு விள்ளல் அவர் நாக்கில் படக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

மாசிக் கொடைக்கு வண்டி கட்டிப் போனோம். மண்டைக்காட்டில் கடற்காற்று அடுப்பை எரியவிடாது. மணலில் பள்ளம் தோண்டி, மூன்று கல் வைத்து, ஓலை மறைப்பு கட்டி, புகையில் கண் அவிந்து ஏழு தலைகளை அவித்தேன். சுற்றி நூறு பெண்கள் நூறு அடுப்பில் அதையே செய்துகொண்டிருந்தார்கள். அவர் மட்டும் என் பக்கத்தில் குந்தியிருந்து, ஒவ்வொரு உருண்டையையும் நூலால் அளந்தார். இரண்டாவது தலை சிறுத்துவிட்டது என்று மாவு சேர்க்கச் சொன்னார். மூக்கு தன் மூக்கைப்போல் இல்லை என்று குறை சொன்னார். எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே செய்தேன்.

படைத்துத் திரும்பி வந்ததும் கைகால் கழுவிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து முன்னால் இலையை விரித்தார். நான் முதல் அப்பத்தைப் பிட்டு அடுத்த அடுப்புப் பெண்களுக்குக் கொடுத்தேன். அவர் நல்லது என்று தலையாட்டினார். இரண்டாவதும் மூன்றாவதும் அவர்கள் பிள்ளைகளுக்குப் போயிற்று. தலையாட்டுவது நின்றது. ஆறாவதைக் குளச்சலிலிருந்து வந்த கைப்பிள்ளைக்காரி ஒருத்தி மடியில் வாங்கிக்கொண்டாள். ஏழாவதையும் நான் பிட்டபோது அவர் எழுந்துவிட்டார்.

"ஏட்டி, எனக்கு எங்க?"

"ஒங்களுக்கா? இது ஆருக்க தலை?"

"எனக்க தலை."

"நூலு புடிச்சு அளந்து தந்தது ஆரு?"

"நான்தான்."

"அம்மைக்குக் குடுத்த ஒங்க தலைய நீங்களே எடுத்துத் தின்னப் போறியளா? குடுத்தத திருப்பி வாங்கினா பருவும் திரும்பி வரும்லா?"

அடுத்த அடுப்புக்காரி, வாய் நிறைய அவர் தலையை வைத்துக்கொண்டு, அது சரிதான் என்றாள். அவள் ஊரில் ஒருவன் இப்படித் தன் அப்பத்தைத் தானே தின்று பட்ட பாட்டைச் சொன்னாள். இன்னொருத்தி, தனக்கும் அப்படி ஒருவனைத் தெரியும் என்றாள். நான் ஒரு நிமிஷத்துக்கு முன் உண்டாக்கிய விதிக்கு அதற்குள் இரண்டு சாட்சி கிடைத்துவிட்டது.

அவர் விடவில்லை. நேரே பூசாரியிடம் நியாயம் கேட்கப் போனார். கூட்டத்துக்குள் அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. பூசாரி ஒரே ஒரு கேள்வி கேட்டாராம், நேர்ந்தது யார் என்று. வீட்டுக்காரி என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நேர்ந்தவள் சொல்வதுதான் விதி என்று அவர் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டாராம்.

மெதுவாக நடந்து வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். காலி இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த மரச்சீனிக் கிழங்கில் இரண்டு துண்டு எடுத்து வைத்தேன். ஒரு துண்டைக் கடித்து, நெடுநேரம் மென்றார்.

"செரி, போவட்டு. நேர்ச்சை இன்னையோட முடிஞ்சுல்லா? நாளைக்கு வீட்டுல கொஞ்சம் பாயசம் வைக்கலாமா?"

"நேர்ச்சை முடியல்ல."

"பெறவு? எத்தன வருஷத்துக்குத்தான் நேர்ந்திருக்கே?"

"ஒங்க ஆயுசுக்கும்" என்றேன்.