எல்லை தாண்டாத தாழ்ப்பாள்

உலக அமைதி கூலாயில்தான் இருக்கிறது. சிங்கப்பூருக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம், செனாய் அருகே ஒரு தொழிற்பேட்டையில், ஒழுகும் குளிரூட்டிக்குக் கீழே, எங்கள் நிறுவனத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழு கூடும் அறையில் அது பத்திரமாக இருக்கிறது. குழுவின் செயலாளர் அடியேன், சதாசிவம். இதற்குமுன் கார் நிறுத்துமிடத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளும் அனுபவம் வீண்போகவில்லை.

செய்திகளை அடுத்தவர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் மறையாக்கம், சட்டத்தின் பார்வையில் ஆபத்தான சரக்கு. ஏவுகணைகள் இருக்கும் அதே பட்டியலில் அதுவும் இருக்கிறது. நாடு விட்டு நாடு போக அனுமதி வேண்டும். முதன்முதலில் படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. கூலாயில் ஏவுகணை செய்ய ஆள் கிடையாது. மறையாக்கம் செய்ய ஆள் இருந்தார். எங்கள் நிரலாளர் பிரவீனா.

வேலை நேரம் போக, வீட்டில் உட்கார்ந்து அவர் 'தாழ்ப்பாள்' என்றொரு செயலியை எழுதியிருந்தார். திறமூல மென்பொருள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம். குளுவாங்கில் வினிஃப்ரெட் ஆண்ட்டி நடத்தும் பெண்கள் காப்பகம் அதைத்தான் நம்பியிருந்தது. அடிக்கும் புருஷனிடமிருந்து ஓடிவந்த பெண்கள் எந்த வீட்டில் ஒளிந்திருக்கிறார்கள் என்ற விவரமெல்லாம் அதற்குள்தான் பூட்டிக் கிடந்தது. பாலோவிலிருந்து வந்த செல்வராணியின் விலாசமும் அதில் ஒன்று.

அந்தத் தாழ்ப்பாளில் ஓட்டை இருப்பதை முன்பின் தெரியாத ஒரு பிரேசில்காரர் கண்டுபிடித்தார். செயலி இருக்கும் பழைய கைப்பேசி ஒன்று கையில் சிக்கினால் போதும், பூட்டைத் திறக்காமலே எல்லாவற்றையும் படிக்கலாமாம். பிரவீனா உடனே அந்த ஓட்டையை மூடும் அடைப்பு நிரலை எழுதிவிட்டார். ஆனால் வீட்டில் எழுதினாலும் எழுதியது நிறுவனத்துக்கே சொந்தம் என்பது வேலை ஒப்பந்தம். நல்ல பிள்ளையாகக் குழுவிடம் வந்து அனுமதி கேட்டார்.

"சார், ஒரு பட்டன் அமுக்கணும், அவ்வளவுதான். எல்லார் போனுக்கும் போயிடும்."

"வெளிநாட்டுக்கும் போகுமா?" என்றார் குழுத் தலைவர் பெர்னார்ட்.

"இன்டர்நெட்டுல போட்டா எல்லா இடத்துக்கும்தானே போகும்."

"அப்ப ஏற்றுமதி," என்று சொல்லிவிட்டு அவர் கையிலிருந்த கறிபாப் பலகாரத்தைக் கடித்தார்.

"எல்லாருக்கும் வெளியான நிரலுக்குச் சட்டமே விலக்குத் தருது சார். நான் படிச்சேன்."

சட்டம் படிக்கும் ஊழியர் கிடைப்பது அபூர்வம். மனதாரப் பாராட்டிவிட்டு விளக்கினேன்.

"வெளியான பிறகு அனுமதி வேண்டாம்மா. வெளியாகுற வரைக்கும் வேணும்."

"அப்ப வெளியிட்டா சரியாயிடும்தானே?"

"ஆயிடும். ஆனா வெளியிட அனுமதி வேணும்."

"அலமாக்! அதை யாரு சார் குடுப்பா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் துணைக்குழு போடப் போறோம்."

எங்கள் சிங்கப்பூர்க் கிளையிலிருந்து ஜோனதன் காணொளியில் கலந்துகொண்டார். அவருக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

"பாஸ், காலையில பாலம் தாண்டி இங்க வேலைக்கு வர்ற மோட்டார்க்காரன் ஒவ்வொருத்தன் பையிலயும் ஒரு போன் இருக்கு லா. அதுல எல்லாம் இதே மாதிரி மறையாக்கம்தான். இதை மட்டும் ஏன் பிடிச்சு வைக்கிறீங்க?"

"அவங்க நம்ம ஊழியர் இல்ல," என்றார் பெர்னார்ட். இவ்வளவு கூர்மையான பதிலை நான் கேட்டதில்லை. கூட்டக் குறிப்பை உறுப்பினர்களுக்கு வாட்சப்பில் அனுப்பினேன். அது மறையாக்கத்தோடு போவதால் வெளியார் படிக்க முடியாது, நல்ல பாதுகாப்பு.

மறுநாள் வினிஃப்ரெட் ஆண்ட்டி போன் செய்தார்.

"சதாசிவம், ஓட்டையைப் பத்தி நியூஸே வந்திருச்சு. அடைப்பு உங்க மேசையில தூங்குதாமே?"

"ஓட்டையைப் பத்தின நியூஸ் வெறும் பேச்சு, ஆண்ட்டி. எங்க வேணா போகலாம். அடைப்புதான் சரக்கு."

"செல்வராணி தன்னோட பழைய போனைப் புருஷன் வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கா. அதுல தாழ்ப்பாளும் இருக்கு, நாங்க அனுப்பின விலாசமும் இருக்கு. வேற வீடு தேடுறோம், கிடைக்கல. எங்களுக்கு மட்டுமாவது குடுங்களேன். குளுவாங் என்ன வெளிநாடா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கோப்பைப் பார்த்தேன். மாலையில் காப்பகத்துக்குக் கார் ஓட்டும் திமோத்திக்குப் பகலில் சிங்கப்பூரில் வேலை.

"திமோத்தியோட போன் தினமும் பாலம் தாண்டுது, ஆண்ட்டி."

"உன் வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படிப் பேசுவியா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். பதற்றத்தில் இருப்பவர்களிடம் பொறுமை காக்கவேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பொறுமை காத்தேன்.

துணைக்குழு முதன்முதலாகக் கூடிய காலையில் செல்வராணியின் கணவன் பாலோவிலிருந்து குளுவாங்கிற்கு வந்தான். பழைய போனில் விலாசம் தெளிவாக இருந்ததாம். வழியில் எல்லைச் சாவடி கிடையாது. உள்ளூர்க்காரன் என்பதால் எங்கள் சட்டம் அவனைக் கட்டுப்படுத்தாது. செல்வராணி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருப்பதால் பேச முடியவில்லை. ஆகவே புகார் எதுவும் எங்களுக்கு வரவில்லை.

அந்த வாரமே, துணைக்குழு கருத்துக் கேட்டிருந்த எங்கள் வழக்கறிஞர் ரூபினியின் பதிலும் வந்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிடும் நிரலுக்கு அனுமதியே தேவையில்லையாம். உடனே அனுமதி வழங்கினோம். பிரவீனா பட்டனை அமுக்கினார், அப்படியே ராஜினாமாவையும் நீட்டினார். அழுதார் என்றுகூடச் சொன்னார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நிறுவனப் பற்று கிடையாது.

ஆண்டறிக்கையில் குழுவின் சாதனையை நானே எழுதினேன்: 'இந்த ஆண்டு எங்கள் மறையாக்கம் ஒரு தடவைகூடத் தவறான கைகளில் சிக்கவில்லை.' பெர்னார்ட் எழுந்து நின்று வாசித்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

உண்மைதான். செல்வராணி மட்டும்தான் சிக்கினார்.