சுத்துவழியார் கட்டிய கோட்டை

ஒட்டன்சத்திரத்திலிருந்து பாலக்காட்டுக்குக் குறுக்கு வழி சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. பத்தடி தள்ளி இருக்கும் டீக்கடைக்கு அரை மணி நேரம் நடக்கிற மாதிரி வழி போட்டுக் கொடுக்க, திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில், ஏன், இந்தியாவிலேயே ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் பெயர் சுத்துவழி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது, வெளியே வருவதில்லை.

காய்கறி மார்க்கெட்டை ஒட்டிய ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்த அன்று அவரை முதலில் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆபீஸ் என்றால் எல்லாரும் விறைப்பாக உட்கார்ந்திருப்பார்கள் என்று நம்பி, இஸ்திரி போட்ட சட்டையோடு தொப்பம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன். உள்ளே நுழைந்தால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தரையில் குத்துக்காலிட்டுச் சாக்பீசால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். வாசலில் தொடங்கிய கோடு, அறை முழுக்கக் குடல் மாதிரி சுருண்டு, என் நாற்காலியில் போய் முடிந்தது.

"செருப்பைக் கழட்டிட்டு கோட்டுக்குள்ளயே வா அப்பு. மிதிச்சிராத, காலைலேர்ந்து போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் ஏழு நிமிடம் லேட். ஆபீசுக்குள் வந்த பிறகு ஆன லேட் அது.

அவர் வத்தலக்குண்டுக்காரர். பகலெல்லாம் அவருக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்? லாரிகளுக்குக் குறுக்கு வழி சொல்வதுதான். டிரைவர்கள் எல்லாருடைய போனிலும் மேப் இருக்கிறது. ஆனால் எந்த ஊரில் இன்றைக்குச் சந்தை, எந்தத் தெருவில் காதுகுத்துப் பந்தல் என்பதெல்லாம் மேப்புக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும்.

"அண்ணே, உடுமலைக்கு முன்னால வரிசையா வண்டி நிக்குது. தக்காளி வெந்துரும் போலிருக்கு" என்று ஒரு டிரைவர் அழுவார்.

இவர் கண்ணை மூடிக்கொள்வார். "வலது கைப்பக்கம் ரைஸ் மில்லு தெரியுதா? அதை ஒட்டி ஒரு சந்து. உள்ள விடு. வாய்க்கா பாலம் தாண்டுனா புளியமரம், அதுல இடது. ஹாரன் அடிச்சிராதலே, அந்தத் திருப்பத்து வீட்ல கன்னுக்குட்டி இருக்கு, மிரளும்."

இப்படி ஒரு நாளைக்கு நாற்பது வண்டிக்குத் தூரத்தைக் குறைப்பார். மிச்சம் பிடித்த தூரத்தையெல்லாம் சேர்த்து, சாயங்காலம் ஒரு காகிதத்தில் சுற்றிவிடுவார். லோடு சீட்டின் பின்பக்கம்தான் காகிதம். ஒரு முனையில் 'உள்ளே' என்று எழுதியிருக்கும், இன்னொரு முனையில் 'வெளியே'. நடுவில் நூறு சந்து. தொண்ணூற்றொன்பது முட்டுச்சந்து.

அப்படிப்பட்ட சீட்டு ஒன்று தவறிப்போய் ஒரு முட்டைக்கோஸ் வண்டியோடு போய்விட்டது. வழியில் ஒரு சோதனைச்சாவடியில் சீட்டை வாங்கிப் பார்த்தவர், திருப்பிப் பார்த்தார். பேனாவை எடுத்தார். டிரைவர் இரண்டு டீ குடித்தார். பின்னால் வந்த ஆறு வண்டிகள் வரிசையில் நின்றன. கடைசியில் அவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, "போட்டவர்கிட்ட சொல்லுங்க, முடிச்சிட்டேன்னு" என்றாராம். இதைக் கேட்டதும் சுத்துவழியார் கவலையாகிவிட்டார். "அம்புட்டு லேசாவா இருந்துச்சு?" என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார்.

காகிதம் போதவில்லை என்று ஒரு மார்க்கெட் விடுமுறை நாளில் ஆள் நடக்கிற அளவிலேயே ஒன்று கட்டினார். காலி தக்காளிப் பெட்டிகள், அந்த நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டிகள்தான், ஆள் உயரத்துக்கு அடுக்கி வளாகம் முழுக்கச் சந்து சந்தாகப் பிரித்தார். அவரும் நானும் நாலு மணி நேரம் அடுக்கினோம். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. சுமைதூக்கும் ஆட்கள் பன்னிரண்டு பேரையும் அவர்களுடைய மேஸ்திரி பாண்டியையும் ஒரு பக்கம் நிறுத்தி, "அந்தப் பக்கம் வாரவனுக்கு டீயும் வடையும்" என்று அறிவித்துவிட்டு, மறுபக்கம் போய் விசிலோடு காத்திருந்தார். முதல் ஆள் வர அரை மணி ஆகும் என்பது அவர் கணிப்பு.

மூன்றாவது நிமிடம் பதின்மூன்று பேரும் வரிசையாக எதிரே வந்து நின்றார்கள்.

"எப்பிடிலே வந்தீங்க?"

"நடந்துதாண்ணே" என்றார் பாண்டி.

எட்டிப் பார்த்தால், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு தேர் போகிற மாதிரி நேர்த் தெரு. இரண்டு பக்கமும் பெட்டிகள் எட்டெட்டாக, அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

"வழியில பெட்டி கெடந்துச்சு. எடுத்து ஓரமா வச்சுட்டு வந்தோம்."

"ஏலே, அது செவுருடா."

"செவுரா? அதை மொதல்லயே சொல்ல வேணாமா? நாங்க பெட்டின்னுல்ல நெனச்சோம்."

வேறு ஆளாக இருந்தால் விசிலைத் தூக்கி எறிந்திருப்பார். இவர் வடை வாங்கிக் கொடுத்தார். பிறகு நோட்டை எடுத்து, 'சுவர் கனமாக இருக்கவேண்டும்' என்று எழுதினார். கொஞ்ச நேரம் யோசித்து அதை அடித்துவிட்டு, 'சுவரே இல்லாமல் முடியுமா?' என்று எழுதினார்.

முடியும் என்று அடுத்த மாதம் கண்டுபிடித்தார். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மேட்டில் யாரோ எந்தக் காலத்திலோ கல் பரப்பி வைத்த ஏழு சுற்றுக் கோட்டை ஒன்று இருப்பதாக ஒரு டிரைவர் சொன்னார். என்னையும் இழுத்துக்கொண்டு மூன்று பஸ் மாறிப் போனார். போய்ப் பார்த்தால் கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. கணுக்கால் உயரத்துக்கு வட்ட வட்டமாகக் கற்கள். நடுவே ஒற்றை ஆள் போகிற பாதை. மூன்று ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"இதுல எங்கண்ணே தொலையிறது?"

"தொலைய முடியாது. முட்டுச்சந்தே கிடையாது, ஒரே வழிதான். நடுவுக்குக் கிட்டக் கொண்டுபோய் வெளிய தள்ளும். இனிமே எங்க போயிச் சேரன்னு நீ ஓஞ்சுபோறப்ப நடுவுல கொண்டுபோய் விட்டுரும்."

"ஒரு எட்டு எடுத்து வச்சாக் கல்லைத் தாண்டி நேரா நடுவுக்குப் போயிரலாமே?"

"போலாம். யாரு வேணாங்கறா? கல்லு உன்னை நம்பித்தான் கெடக்கு."

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். பாதையில் ஓர் ஆடு எதிரே வந்தது. அது கடந்து போகும்வரை ஒற்றைக் காலில் ஒதுங்கி நின்றார். "அது வெளிய போகுது, நான் உள்ள போறேன். வழி விடணும்ல" என்றார். நடுவில் போய் நின்றதும் அவர் முகம் இருந்ததே, மார்க்கெட்டில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு டீக்கடை மேஜையில் சிந்திய டீயைத் தொட்டுக்கூட அதையே போட்டார். நடுவில் ஒரு கூட்டல் குறி. அதன் நாலு மூலையிலும் நாலு மடக்குக் கோடு, நாலு புள்ளி. முனைக்கு முனை வளைத்து இணைத்துக்கொண்டே போனால் கோட்டை வந்துவிடும். ஊரில் இவர் போடாத மேஜை இல்லை.

மேஜையோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. தாராபுரம் ரோட்டுப் பக்கம் அவருக்கு ஒரு வீட்டு மனை இருந்தது. அவர் மனைவி ஈஸ்வரி அக்கா தையல் தைப்பவர். அந்த மனையைத் தேடிப் பிடித்தவரும் அவர்தான். தை மாதம் பூமி பூஜை என்று முடிவாகியிருந்தது. "அதுவரைக்கும் மனை சும்மாத்தானே கெடக்கு" என்று ஆரம்பித்தார் சுத்துவழியார். காலியாகத் திரும்புகிற ஒவ்வொரு லாரியும் நாலு கல் கொண்டுவந்தது. குறுக்கு வழி சொன்ன நன்றிக்கு டிரைவர்கள் கொடுத்த கல். கருங்கல், வெள்ளைக்கல், கேரளத்து ஆற்றங்கரைக் கூழாங்கல். கார்த்திகையில் கோட்டை முடிந்துவிட்டது.

முடிந்ததும், அதில் நடந்தால் நினைத்தது நடக்கும் என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வண்டி எடுக்குமுன் டிரைவர்கள் ஒரு சுற்று நடந்தார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளை ஒரு டீச்சர் கூட்டிவந்தார். கல்யாணம் தட்டிப்போகிற ஒருவர் வாராவாரம் வந்தார். அவர்களையெல்லாம் பார்க்கப் பார்க்க இவருக்குக் கல்லை எடுக்க மனம் வரவில்லை. வீட்டை மேற்கு மூலையில் சின்னதாகக் கட்டிக்கொள்ளலாமே என்றார். ஈஸ்வரி அக்கா தையல் டேப்பாலேயே அந்த மூலையை அளந்து பார்த்தார். கட்டில் போட்டால் கதவு சாத்த முடியாது.

ஒரு மத்தியானம் அக்கா ஆபீசுக்கே வந்துவிட்டார். அவர் இந்தப் பக்கத்துக்காரர், பேச்சில் பழனி வாடை இருக்கும்.

"ஏனுங்க தம்பி, நீங்க படிச்ச புள்ள. நீங்க எடுத்துச் சொன்னாக் கேப்பாருங்க. எனக்கு என்ன பெருசா ஆசை? சொந்தமா ஒரு செவுத்துல ஆணி அடிக்கோணும். குடியிருந்த வீட்ல எவனாச்சும் ஆணி அடிக்க உட்டானா?"

சொன்னேன். சுத்துவழியார் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார். "அவ கேக்குறது நியாயந்தான் அப்பு" என்றார்.

"அப்பக் கல்லை எடுத்துருவமாண்ணே?"

"நாளைக்குச் சொல்றேன்."

அந்த 'நாளை' வராமலே பூமி பூஜை நாள் வந்துவிட்டது.

காலையில் நான் போனபோது கற்கள் அப்படியே இருந்தன. அதுமட்டுமா, ஈசானி மூலையில் வைக்கவேண்டிய பூஜைச் செங்கல்லைக் கோட்டையின் நட்டநடுவில் கொண்டுபோய் வைத்திருந்தார் மனிதர். பூசாரி சத்தம் போட்டார். "சாமி, அங்க இருந்து பாத்தா எல்லா மூலையும் ஒரே தூரந்தான்" என்றார் இவர். பூசாரிக்கு அடுத்த ஊரில் இன்னொரு பூஜை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கற்களைத் தாண்டித் தாண்டி எட்டே எட்டில் நடுவுக்குப் போய்விட்டார். கொத்தனாரும் பின்னாலேயே தாண்டினார். பாண்டியும் ஆட்களும் துண்டைத் தலையில் கட்டித் தயாராக நின்றார்கள்.

"அண்ணி, ஒரு வார்த்தை சொல்லுங்க. பத்து நிமிசத்துல மனையைத் தொடைச்சுக் குடுத்துர்றோம்."

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். தேங்காய், பழம், கற்பூரத்தட்டோடு கோட்டை வாசலில் நின்றார். பக்கத்தில் சுத்துவழியார், தலையைக் குனிந்துகொண்டு. "நல்ல நேரம் இன்னும் ஆறே நிமிசம்" என்று உள்ளேயிருந்து பூசாரி குரல் கொடுத்தார். அக்கா ஒரு கல்லைத் தாண்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

அக்கா செருப்பைக் கழற்றினார். பாதையில் காலை வைத்தார்.

அந்தக் கோட்டையின் அமைப்பு அப்படி: எந்தச் சுற்றில் போனாலும், சுற்று முடிகிறபோது பாதை வாசல் பக்கமே வந்து திரும்பும். வாசலில் புருஷன் நிற்கிறார். முதல் சுற்று முடிந்து அக்கா அவருக்கு நேரே வந்தார்.

"பத்தொம்பது வருசம். ஆறு வீடு மாறியிருக்கோமுங்க" என்றார். அதற்குள் பாதை வளைந்துவிட்டது.

அடுத்த சுற்று முடிவில், "ஆறு வீட்லயும் பகல்ல லைட்டைப் போட்டுத்தான் காய் நறுக்கினேன்."

அவர் வாய் திறப்பதற்குள் அக்கா வடக்கே போய்விட்டார். அடுத்து வரும்போது வேறு விஷயம்.

"கல்லுக்கு ஊர் ஊரா லாரி உட்டீங்க. ஒரே ஒரு அம்மிக்கல்லு கேட்டேன், வந்துச்சாங்க?"

"அடுத்த வண்டியில..." என்று இவர் தொடங்க, ஆள் இல்லை. மிச்சப் பதிலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு முழுச் சுற்றுக் காத்திருந்து, அக்கா நேரே வந்ததும் "...சொல்லிருக்கேன்" என்று முடித்தார்.

"எந்த வண்டியிலீங்க?" என்று கேட்டுவிட்டு அக்கா மறுபடி போய்விட்டார். பாண்டி தலைத்துண்டை அவிழ்த்து வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

ஐந்தாவது சுற்று நடுவை உரசிக்கொண்டு போகும். பூசாரி கையை நீட்டினார். "இங்கயே குடுத்துரும்மா, நேரம் ஆச்சு."

அக்கா தட்டை இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். "இருங்க சாமி. இன்னும் ரெண்டு சுத்து இருக்குது."

சுத்துவழியார் சட்டென்று நிமிர்ந்தார். நானும் திகைத்துப்போனேன். எட்டிப் பிடித்துவிடும் தூரத்தில் நடு இருக்கும்போது, இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது என்பது அதில் பலமுறை நடந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார், அக்கா வாசல் பக்கம் திரும்பி வந்தபோது.

"இங்க நட்ட முருங்கைக் கன்னுக்குத் தண்ணி ஊத்த வர்றேனில்லீங்க தெனமும். சும்மா ஊத்திட்டுப் போவாங்களா?"

சுத்துவழியார் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். கடைசிச் சுற்றில் அக்கா அவரைத் திட்டவில்லை. நடுவுக்குப் போய்த் தட்டைப் பூசாரியிடம் கொடுத்தபோது நல்ல நேரத்தில் ஒரு நிமிடம் பாக்கி இருந்தது.

பூஜை முடிந்ததும், "பாண்டி, கல்லை எடுங்க" என்றார் அக்கா. ஒருவரும் அசையவில்லை. "பாத்து எடுங்க, ஒண்ணும் ஒடையக் கூடாது. மொட்டைமாடி போட்டதும் எல்லாத்தையும் அங்க ஏத்தோணும்."

கொத்தனார் இழுத்தார். "அம்மா, இம்புட்டுக் கல்லையும் மாடி தாங்கணுமே?"

"தாங்கற மாதிரி கட்டுங்க. பின்ன எதுக்கு உங்களைக் கூப்புட்டது?"

வீடு எழும்பிவிட்டது. மாடியில் பாதை கொஞ்சம் சுருங்கி, ஏழு சுற்றும் குறையாமல் கோட்டை இருக்கிறது. மேலே குறுக்கும் நெடுக்கும் துணிக்கொடி. ஈரச் சேலைக்குக் குனிந்து குனிந்துதான் நடக்கவேண்டும்.

நான் இப்போது திண்டுக்கல்லில் வேறு வேலையில், ஒற்றை அறையில் இருக்கிறேன். லீவு கிடைத்தால் ஒட்டன்சத்திரம் பஸ் ஏறிவிடுகிறேன். மாடிப்படி ஏறியதும், நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் சுத்துவழியார் "வா அப்பு" என்கிறார். அவருக்கும் எனக்கும் பதினைந்தடி தூரம் கூட இருக்காது. போய்ச் சேர நாலு நிமிடம் ஆகிறது. அந்த நாலு நிமிடமும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நான் வருவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் மெதுவாகத்தான் நடக்கிறேன்.