மூன்றாவது கூப்பாடு

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை ஒரு கோலி சோடா குடிக்கிற நேரத்துக்கு நிறுத்திவைக்கக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் பெரிய தலைவர் ஒன்றும் இல்லை. முப்பதுகளில் திருச்சியில் நான் குமாஸ்தாவாக இருந்த பெஞ்சு கோர்ட்டின் வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிறவர். அவரை மூணாங்கூப்பாட்டார் என்போம். பெற்றவர்கள் வேறு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள், நாங்கள் கேட்டதில்லை.

பெஞ்சு கோர்ட் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கொலையும் கொள்ளையும் பெரிய கோர்ட்டுக்குப் போய்விடும். தெருவில் மாட்டைக் கட்டினவர், சாக்கடையை அடுத்த வீட்டுப் பக்கம் திருப்பினவர், ஜட்கா வண்டியில் ஆளை அடைத்தவர் ஆகியோர் எங்கள் சொத்து. விசாரிக்க மூன்று கௌரவ மாஜிஸ்டிரேட்டுகள், அவர்களில் தலைமை வகிப்பவர் பிரசிடெண்டு. கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது என்று அர்த்தம். வண்டிக் கூலியைக்கூடச் சொந்தக் கையிலிருந்து கொடுத்துவிட்டு வருவார்கள். அபராதப் பணம் முனிசிபாலிட்டிக்குப் போகும். அது மனம் வைத்தால் எங்களுக்கு மசி வரும், விளக்குக்கு எண்ணெய் வரும், நாற்காலிக்குக் கால் வரும்.

உண்மையில் எங்களுக்குப் படியளந்தது ஆடிக் காற்றுதான். ஸ்ரீரங்கத்திலிருந்து சாயங்காலம் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் ஒழுங்காக விளக்கை ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவார்கள். காவேரிப் பாலத்தில் பாதி வருவதற்குள் காற்று அதை ஊதி அணைத்துவிடும். விளக்கில்லாத சைக்கிளுக்கு அபராதம் உண்டு என்பதால் பாலம் முடிகிற இடத்தில் கான்ஸ்டபிள் சிரித்துக்கொண்டு நிற்பார். ஆடி நன்றாக வீசிய வருஷம் கோர்ட்டுக்குப் புதுப் பாய். வீசாத வருஷம் பிரசிடெண்டு ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்.

எதிரியின் பெயரை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரை, வாசலில் மூன்று தடவை கூப்பிட வேண்டும். அதற்கும் வராவிட்டால் வாரண்டு. போலீஸ்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றால் தெருவே கூடிவிடும், மானம் போய்விடும். ஆகையால் மூணாங்கூப்பாட்டார் முதல் இரண்டையும் மளமளவென்று கூப்பிட்டுவிடுவார். அப்புறம் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவார். பொடி போடுவார். பூக்காரம்மாவிடம் அவள் பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்று விசாரிப்பார். தெருக்கோடியில் எதிரியின் தலை தெரிந்த பிறகுதான் மூன்றாவது கூப்பாடு.

ஒரு சமயம் ஜீயபுரத்து வாழைத்தார் வியாபாரி ஒருவர் வந்த பஸ் வழியில் படுத்துக்கொண்டது. மூணாங்கூப்பாட்டார் தொண்டை வறண்டுவிட்டது என்று சோடாக் கடைக்குப் போய்விட்டார். கோலி உள்ளே இறங்கவில்லை என்று ஒரு பாட்டில். காரம் போதவில்லை என்று இன்னொரு பாட்டில். மாஜிஸ்டிரேட்டுகளில் ஒருவர் தூங்கி, எழுந்து, மறுபடியும் தூங்கினார். வியாபாரி வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்ததும்தான் சோடா தீர்ந்தது.

"என்னங்க இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முதல் கூப்பாடு ஆளுக்கு, ரெண்டாவது ஊருக்கு, மூணாவது சட்டத்துக்குங்க. சட்டம் மெள்ளத்தானே வரும்?" என்றார்.

இந்த நிலையில் எங்களுக்குப் புதுப் பிரசிடெண்டு வந்தார். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் முதலாளி. கோர்ட்டையும் மில் மாதிரி ஓட்டவேண்டும் என்பது அவர் கட்சி. வாரண்டு போனால் அபராதம் கூடும், அபராதம் கூடினால் நாற்காலி ஆடாது என்பது அவர் கணக்கு.

"மூணையும் ஒரே மூச்சுல கூப்பிடுய்யா!"

"எனக்கு மூச்சு அவ்வளவு நீளமில்லீங்க" என்றார் மூணாங்கூப்பாட்டார்.

அந்த ஆடியில் பாலத்துக் காற்று மூணாங்கூப்பாட்டாருடைய சைக்கிள் விளக்கையே அணைத்துவிட்டது. பிடித்தவர் ஊருக்குப் புதிதாக வந்த கான்ஸ்டபிள். 'நான் கோர்ட் ஆள்' என்று மூணாங்கூப்பாட்டார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார். "அப்படித் தப்பிச்சா நாளைக்கு எந்த மூஞ்சியோட அடுத்தவன் பேரைக் கூப்பிடறதுங்க?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். விஷயம் பிரசிடெண்டு காதுக்கு எட்டியது. தண்டனை வாங்கின ஆளுக்கு டவாலி கிடையாது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். தோளுக்குக் குறுக்கே கிடந்த, பித்தளை வில்லை தைத்த அந்தப் பட்டைதான் மனிதருக்கு உத்தியோகம், சொத்து, பிள்ளைகுட்டி எல்லாம்.

விசாரணை நாளும் வந்தது. மூணாங்கூப்பாட்டார் வாசலில் நின்று தன் பெயரைத் தானே கூப்பிட்டார். யாரும் வரவில்லை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. பிறகு தலைப்பாகையை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

"மூணாவதும் கூப்பிடுய்யா! ஆள் எங்கே?"

"பக்கத்துலதாங்க இருக்கார்."

"யாருய்யா அது?"

"நான்தாங்க."

"அப்ப உள்ளே வந்து கூண்டுல நில்லு!"

"கூப்பிட்டு முடியாம எதிரி உள்ளே வரக்கூடாதுங்க. டவாலியோட கூண்டுல நின்னா டவாலிக்கு மரியாதையில்லே. கழட்டி வச்சுட்டா மூணாவது கூப்பிட ஆளில்லே. நீங்களே சொல்லுங்க."

மூன்றாவது கூப்பாட்டைப் போடும்படி பிரசிடெண்டு வாசலில் நின்ற கான்ஸ்டபிளிடம் சொன்னார். காலையிலிருந்து ஊரையே விரட்டிக் கத்திக்கொண்டிருந்த அந்த மனிதர், "தொண்டை கட்டிடுச்சுங்க" என்று கிசுகிசுத்தார். பிரசிடெண்டு என்னைப் பார்த்தார். நான் மசிக்கூட்டைப் பார்த்தேன்.

"கொண்டாய்யா அதை!" என்று எழுந்து, டவாலியைத் தானே மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு தயிர்க்காரி குறுக்கே விழுந்தாள்.

"ஐயா, அடுத்த பேரு என் வீட்டுக்காரருங்க. பாலத்துல வந்துட்டிருக்காரு. கொஞ்சம் மெள்ளக் கூப்பிடுங்கய்யா, புண்ணியமாப் போகும்!"

டவாலி போட்டவரிடம்தானே கேட்பார்கள்? பிரசிடெண்டு அவளைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். டவாலியைச் சரிசெய்துகொண்டார். கனைத்தார். கடைசியில் சோடாக் கடைப் பக்கம் நடந்தார்!

தயிர்க்காரியின் புருஷன் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் உள்ளே வந்தார். டவாலியைக் கழற்றி மூணாங்கூப்பாட்டார் தோளில் தன் கையாலேயே மாட்டினார்.

"எதிரியை இன்னும் மூணாவது தடவை கூப்பிடலே. கேஸ் அடுத்த வாய்தாவுக்கு."

"அடுத்த வாய்தாவுக்கு யாருங்க கூப்பிடறது?"

"நீதான்யா. உனக்கு எப்பச் சௌகரியமோ அப்பக் கூப்பிடு. போ, அடுத்த கேஸ்!"

மூணாங்கூப்பாட்டார் வாசலுக்குப் போய் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஊரையே எழுப்புகிற அந்தக் குரல் அன்று பாதியிலேயே உடைந்து அழுகையாகிவிட்டது. வாசலில் நின்ற ஜட்காக்காரர்கள், பூக்காரம்மா, தயிர்க்காரி, சோடாக் கடைக்காரர் எல்லோரும் "இதோ வந்துட்டோங்க!" என்று திமுதிமுவென்று உள்ளே வந்து நின்றார்கள். கேஸ் இல்லாதவர்களை வெளியே அனுப்ப வேண்டியது குமாஸ்தாவான என் வேலை. அவர்கள் பாட்டுக்கு நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.