நைட்ரஜனும் நீங்கள் சொன்ன அந்த வார்த்தையும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே அனைவரும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள், அடுத்தவர் மனதைப் புண்படுத்தியவர்களுக்கு என்ன குறை வரப்போகிறது. மூன்று வருடம் முன்பு என் மகளுக்கு விமான நிலையத்தில் வேலை கிடைத்த அன்று, "படிச்ச படிப்புக்கு டயருக்குக் காத்தடிக்கப் போறாளாக்கும்" என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு ஞாபகசக்தி அதிகம். நீங்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறவரை உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

அது வெறும் காற்று அல்ல, நைட்ரஜன். சாதாரணக் காற்றில் ஈரம் உண்டு, மேலே போனால் உறைந்துவிடும். ஆக்சிஜன் உண்டு, இறங்கும்போது பிரேக் சூட்டில் தீப்பிடிக்க வழிசெய்யும். முந்நூறு பேரோடு ஒரு விமானம் பத்திரமாகத் தரையைத் தொடுகிறதென்றால் அதில் என் மகளின் கைவேலை இருக்கிறது. இந்தப் பெருமையில் என் காரின் நாலு டயருக்கும் நைட்ரஜனே அடித்தேன். போன வாரம் அவளுக்குச் சிறந்த டெக்னீஷியன் சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்று உங்கள் தங்கையோடு கிளம்பினேன், பாதி வழியில் முன் டயர் இறங்கிவிட்டது, பஞ்சர் கடைக்காரர் காற்றடிக்கும் ஓஸோடு வந்தார், விடுவேனா, டயரைக் கையால் மறைத்துக்கொண்டு "சாதாக் காத்து என் வண்டிக்கு ஆகாது" என்று ஈரம், உறைதல் எல்லாம் விளக்கினேன். மனிதர் பொறுமையா கேட்டுட்டு, "சார், உங்க வண்டி எவ்வளவு உயரம் பறக்கும்?"ங்கிறார். உங்க தங்கச்சி அங்கேயே இறங்கி பஸ் பிடிச்சுப் போயிட்டா. நான் விடாம உருட்டிக்கிட்டே போனேன், டயர் கிழிஞ்சு, ரிம் நெளிஞ்சு, போய்ச் சேர்ந்தப்போ நாற்காலியெல்லாம் மடிச்சு வெச்சுட்டாங்க. பொண்ணு வண்டியை ஒரு பார்வை பார்த்தா. "அப்பா, காத்துல முக்கால்வாசிக்கு மேல நைட்ரஜன்தான்பா. சாதாக் காத்தையே அடிச்சுக்கிட்டு வந்திருக்கலாம்ல?" மேலதிகாரி முன்னாடியே சொன்னா. எவ்வளவு தெளிவா சொன்னா தெரியுமா! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

ஆகவே மன்னிப்புக் கடிதத்தைத் தாமதமின்றி அனுப்பவும். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்களுக்கு இப்போதைக்கு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
விமான டெக்னீஷியனின் தகப்பன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் வாங்கிப் படித்துவிட்டாள். அந்த வார்த்தையைச் சொன்னது மாமா இல்லையாம், நானாம். சொல்லிவிட்டு இரண்டு நாள் அவளோடு பேசக்கூட இல்லையாம். நீங்கள்தான் வந்து என்னைச் சத்தம் போட்டுவிட்டு, அவளை முதல் நாள் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டீர்களாம். உங்கள் தங்கையும் ஆமாம் என்கிறாள். மறுபடி எழுதத் தெம்பில்லை. முதல் பத்தியில் 'நீங்கள்' என்று வரும் இடத்திலெல்லாம் 'நான்' என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். மன்னிப்புக் கடிதம் அனுப்ப வேண்டாம், அதை நானே அவளிடம் நேரில் கேட்டுவிட்டேன்.