மணிக்கூட்டாரின் எட்டு நிமிஷம்

கல்லடியில் எத்தனையோ பைத்தியங்களை, விசரர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் மாதச் சம்பளமும் எடுத்துக்கொண்டு முழுநேரமும் விசராக இருந்த ஒரே மனிசன் மணிக்கூட்டார்தான்.

புளியந்தீவில் ஒரு கந்தோரில் அவருக்குப் பியோன் வேலை. அயல்வீட்டு மாமி நான், ஆனாலும் பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கு இன்றும் தெரியாது. ஓட்டத்துக்கு நேரம் பார்க்கிற மணிக்கூடு ஒன்று எப்போதும் கழுத்தில் தொங்கும். படுக்கும்போதும் கழற்றமாட்டாராம். பொறுக்க முடியாமல் பெண்சாதி மாதத்தில் பாதி நாள் உன்னிச்சையில் தாய்வீட்டில்தான். பத்து மைலை ஒரு மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும், அதுதான் மனிசனின் ஒரே ஆசை. முடித்தால் கொழும்பில் நடக்கும் பெரிய போட்டிக்கு எடுப்பார்களாம். பத்து மைல் போவதற்கு பஸ் என்று ஒன்று இருப்பது மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கே தெரியும்.

விடிந்தால் கடற்கரை நீளத்துக்கு ஓட்டம். பிறகு கந்தோருக்குப் போடுகிற சேட்டைப் பையில் சுற்றிக்கொண்டு, பாலம் கடந்து வேலைக்கு ஓட்டம். பின்னேரம் திரும்பவும் ஓட்டம். கந்தோருக்குள்ளாவது மனிசனாக இருந்தாரா? தேத்தண்ணியையும் ஓடிக்கொண்டே கொண்டுபோவார். பெரிய ஐயாவின் மேசைக்குப் பாதிக் கோப்பைதான் போய்ச் சேரும்.

"தம்பி, இது கந்தோர், மைதானமில்ல."

"ஓம் ஐயா, அதுதான் மெதுவா ஓடினனான்."

அது யுத்த காலம். ஒருவன் ஓடினால் கடைகளைப் பூட்டுவார்கள். மணிக்கூட்டார் முதன்முதல் சந்தைக்குள்ளால் ஓடியபோது மீன்காரி மீனைப் போட்டுவிட்டு ஓடினாள். அவளைப் பார்த்து மரக்கறிக்காரர் ஓடினார். மூச்சு முட்டியபின்தான், "என்ன நடந்த?" என்று மணிக்கூட்டாரையே கேட்டிருக்கிறார்கள். "பயிற்சி" என்றாராம். அடிக்காமல் விட்டது அவர் செய்த புண்ணியம். போகப்போக ஊர் பழகிவிட்டது. அவர் ஓடினால் யாரும் ஏனென்று திரும்பியும் பார்ப்பதில்லை.

பாலத்தடியில் ஆமிக்காரர் மறிக்கிற சென்ட்ரியில் மட்டும் ஓட முடியாது. வரிசையில் நின்று அடையாள அட்டை காட்ட வேண்டும். அங்கே மணிக்கூட்டை அமத்தி நிற்பாட்டுவார், தாண்டியதும் திரும்ப அமத்துவார்.

"சென்ட்ரியக் கழிச்சுப் பாத்தா நான் நல்ல வேகம் மாமி."

"உன்ட விசரக் கழிச்சுப் பாத்தா நீயும் நல்ல மனிசன்தான்" என்றேன்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பக்கமிருந்து மணிக்கூட்டார் ஓடிவந்தார். கண்டும் நான் எழும்பவில்லை. ஓடுகிற மனிசன் ஓடத்தானே செய்யும். ஆனால் என் கேற்றடிக்கு வந்ததும் நின்றார். மணிக்கூட்டை அமத்தினார். அவர் ஓடி நான் பயந்ததேயில்லை. நின்றபோதுதான் நெஞ்சு பதறியது.

"மாமி, எழும்புங்க! கடல் வருகுது!"

"கடல் எங்க வாறது? விசரா..."

நெல்லு மூடையைப் போல என்னைத் தூக்கித் தோளில் போட்டார். என் புருஷன்கூட என்னை அப்படித் தூக்கியதில்லை! கையிலிருந்த தேங்காய்ப் பாதியால் முதுகில் நாலு போட்டேன். ஐந்தாவதுக்குக் கை ஓங்கியபோதுதான், தலைகீழாகக் கிடந்த நான், பின்னால் வந்த கறுப்புத் தண்ணீரைக் கண்டேன். "ஓடு மகன், ஓடு!" என்று கத்தியதும் நான்தான்.

பாலத்துக்குக் கிட்டத் தண்ணீர் அவருடைய நெஞ்சுக்கு ஏறிவிட்டது. சென்ட்ரியில் ஒருவரும் அட்டை கேட்கவில்லை. சிப்பாய்களும் எங்களோடுதான் ஓடினார்கள். அக்கரையில் என்னை இறக்கிவிட்டு மனிசன் முதலில் பார்த்தது என்னையா? மணிக்கூட்டை! அது உப்புத்தண்ணீர் குடித்துச் செத்திருந்தது. என் கேற்றடியில் அமத்திய ஐம்பத்திரண்டு நிமிஷத்திலேயே முள் நின்றது.

"ஒரு மைல்தான் மாமி இருந்திச்சு. இண்டைக்கு முடிச்சிருப்பன்."

ஊரே போன நாளில் பேசுகிற பேச்சா அது? வாய் நோக ஏசினேன். ஏசி முடிந்த பிறகுதான் தேங்காய்ப் பாதி இன்னும் என் கையில் இருப்பதைக் கண்டேன்.

யுத்தமும் முடிந்து சென்ட்ரியைக் கழற்றினார்கள். இனி மறிக்க ஆளில்லை. ஆனால் அதற்குள் முழங்கால் மறித்துவிட்டது. டவுனில் வைத்த பத்து மைல் போட்டியில் ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தார். பந்தல் கழற்றுகிறவர்கள்தான் கைதட்டினார்கள்.

"இனியாவது விடு தம்பி" என்றேன்.

கழுத்தில் கிடந்த செத்த மணிக்கூட்டைத் தூக்கிக் காட்டினார்.

"எப்பிடி விடுற மாமி? அந்த ஓட்டம் இன்னும் முடியல்ல. எட்டு நிமிஷம் பாக்கி கிடக்கு."

விசரன். எனக்காக விட்ட அந்த எட்டு நிமிஷத்துக்குள் இருந்துதான் நான் இன்றைக்கும் அவரை ஏசிக்கொண்டிருக்கிறேன்.