ஒன்பது வரிக்காரரின் தப்பே வராத நிரல்

அலுவலகத்தில் அவருக்கு ‘ஒன்பது வரி’ என்று பெயர். கணினி நிரலின் சிறு துண்டான எந்த ஃபங்ஷனும் ஒன்பது வரிக்கு மேல் போகக் கூடாது என்பது அவர் கொள்கை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை உட்காரவைத்து, “பத்தாவது வரி வருதுன்னா நீங்க சரியா யோசிக்கலைன்னு அர்த்தம்” என்பார். அவர்களும் பயபக்தியோடு எழுதிக்கொள்வார்கள்.

அந்தக் கொள்கை பிறந்த கதை உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருவர் அவர் மனைவி. கணினித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி, கடைசியில் அந்தத் திரைக்குள் ஒன்பது வரிதான் அடங்கியது.

வயது நாற்பத்தேழு. மனைவி கண் பரிசோதகர். கடைத்தெருவில் சொந்தமாகக் கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். ஊரில் பாதிப் பேரின் மூக்கில் உட்கார்ந்திருப்பது அவள் கொடுத்த கண்ணாடி. வீட்டில் மட்டும் வியாபாரம் ஆகவில்லை.

“உங்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்குங்க. ஒரு தடவை கடைக்கு வந்து உக்காருங்க.”

“வெள்ளெழுத்து தானா வரலை. நான்தான் வச்சிருக்கேன். கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. கண்ணுக்கு அதான் நல்லது.”

“பேப்பரைக் கையை நீட்டிப் படிக்கிறீங்க.”

“கையை நீட்டினா தோளுக்கு நல்லது.”

மூன்று வருடமாக இந்தப் பேச்சு இதே இடத்தில் முடிந்துகொண்டிருந்தது.

அப்படியிருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை மனைவி கடையிலிருந்து வாயே திறக்காமல் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். விசிறிகூடப் போடவில்லை. அவர் பயந்துபோனார். அவள் பேசினால் அவருக்குப் பதில் தெரியும். பேசாவிட்டால் ஒன்றும் தெரியாது.

மெல்ல விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. தையற்கடைக்காரம்மா ஒருவருக்கு வலது கண்ணில் மைனஸ் அரை, இடது கண்ணில் மைனஸ் ரெண்டேகால். கடையின் பழைய மென்பொருளில் யாரோ கட்டம் மாற்றித் தட்டிவிட்டார்கள். இடதுக்குப் போகவேண்டிய லென்ஸ் வலதுக்குப் போய்விட்டது. அந்தம்மா இரண்டு நாள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே தைத்து, ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையை வைத்துவிட்டார்.

“பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லைங்க. அவங்க கோபப்பட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. ‘பரவாயில்லம்மா’ன்னு சொல்லிட்டுப் போனாங்க.”

அவருக்குள் ஏதோ எழுந்து நின்றது. பாதி, மனைவியின் வாடிய முகத்தைப் பார்த்து வந்த வருத்தம். மீதிப் பாதி, இருபது வருடமாகத் தான் சொல்லிவரும் ஒன்றை நிரூபிக்க ஊரிலேயே ஒரு சட்டை கிடைத்துவிட்ட பெருமிதம்.

“இது மனுஷத் தப்பே இல்லம்மா. டைப் தப்பு.”

“ஆமா, யாரோ தப்பா டைப் பண்ணிட்டாங்க.”

“அந்த டைப் இல்லை, வகைங்கிற டைப். கேளு. உன் பழைய சாஃப்ட்வேர்ல வலது கண் பவர் என்ன? ஒரு நம்பர். இடது கண் பவர்? அதுவும் ஒரு நம்பர். உன் கடைக் கதவுல இருக்கிற எண்? அதுவும் நம்பர். மூணையும் இடம் மாத்திப் போட்டாலும் அது வாயைத் திறக்காது.”

“உங்க சாஃப்ட்வேர் திறக்குமா?”

“நான் எழுதற மொழியில வலது கண் ஒரு டைப். இடது கண் வேற டைப். ஒண்ணோட இடத்துல இன்னொண்ண வச்சா, ஓட விடறதுக்கு முன்னாடி நிரலைச் சரிபார்க்கிற கம்பைலர் அங்கேயே நிறுத்திடும். நிரல் ஓடவே ஓடாது. ஓடினாத்தானே தப்புப் பண்ணும்?”

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்களும் ஒரு டைப்புதான்” என்றாள்.

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். மறுநாளே, சனிக்கிழமையிலிருந்து பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். தப்பான ஆர்டர் என்று ஒன்றை நினைத்தால்கூடப் போட முடியாத ஒரு நிரலைத் தன் கையால் எழுதி மனைவியின் கடையில் நிறுவுவது என்று சாப்பாட்டு மேசைமீது கையை வைத்து அறிவித்தார். மேசையையும் அன்றிலிருந்து அவரே எடுத்துக்கொண்டார். மனைவி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார்.

“உங்க வீட்டுக்காரர் லீவு போட்டிருக்காராமே?”

“ஃபங்ஷன் இருக்காம்.”

“யார் வீட்டுல?”

“எங்க வீட்டுலதான். அறுபத்திமூணு ஃபங்ஷன். ஒண்ணுக்கும் எனக்கு அழைப்பு கிடையாது.”

வேலை மும்முரமாக நடந்தது. வீட்டில் அவரை எதிர்த்துப் பேசக்கூடியவர்கள் இப்போது இரண்டு பேர். மனைவி ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடுவாள். கம்பைலர் விடாது. ஒரு நாள் நூற்று நாற்பது பிழை காட்டியது. அத்தனையும் நியாயமான பிழை. “பாரு, எப்படிக் கண்டுபிடிக்குது பாரு” என்று, திட்டு வாங்கியவரே பூரித்துப்போய்க் கூப்பிட்டார்.

மனைவி சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் எதிரே உட்கார்ந்து கடையின் சங்கடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கெட்டிக்காரக் கேள்விகள். அவருக்கே ஆச்சரியம்.

“ஒருத்தருக்கு ஒரு கண்ணே இல்லைன்னு வச்சுக்கங்க. பழைய சாஃப்ட்வேர்ல பூஜ்யம்னு போடறோம். ஆனா நல்ல பார்வை இருக்கிற கண்ணுக்கும் பவர் பூஜ்யம்தான். பார்க்கிறவங்களுக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?”

அவர் மேசையைத் தட்டினார். “இதைத்தான் நான் ஆபீசுல தொண்டை கிழியக் கத்தறேன். பூஜ்யம் வேற, இல்லைங்கிறது வேற. ‘இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’னே ஒரு டைப் இருக்கு. இல்லைன்னா இல்லைன்னே எழுதும்.”

“சிலர் பரிசோதனையே பண்ணிக்காம, எனக்கு என் பவர் தெரியும், என் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு வாயால சொல்றாங்க.”

“வாய்க் கணக்கெல்லாம் செல்லாது. உன் பரிசோதனை நாற்காலியில உக்காந்து, உன் கருவி அளந்தாத்தான் அந்த டைப்புல ஒரு மதிப்பே பிறக்கும். வேற வழியே வைக்கலை.”

“நல்லது. இன்னொண்ணு. கட்டைவிரலை வச்சு சம்மதம் சொல்லிடறாங்க. லென்ஸ் வெட்ட ஆரம்பிச்ச பிறகு வேண்டாங்கிறாங்க.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சம்மதிச்ச ஆர்டர்னு ஒரு டைப் வைக்கிறேன். அதிலேருந்து முன்னாடி போகத்தான் ஃபங்ஷன் உண்டு. பின்னாடி வர ஃபங்ஷனே கிடையாது.”

“ரத்து பண்ணவே முடியாதா? தப்பா இருந்தா?”

“தப்பா இருக்கவே முடியாதுங்கிறேன், அப்புறம் தப்பா இருந்தாங்கிற. அளந்தது கருவி, சரிபார்த்தது கம்பைலர், சம்மதிச்சது அந்த ஆள். ரத்துன்னு ஒரு பொத்தான் வச்சா என் நிரல்மேல எனக்கே நம்பிக்கை இல்லைன்னு ஆகும்.”

“சரிங்க. உங்களுக்குத் தெரியாததா” என்று மனைவி எழுந்து போனாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்த வாக்கியத்தை அவர் கேட்டதே இல்லை. அன்று முழுக்க வீட்டுக்குள் கொஞ்சம் உயரமாக நடந்தார்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு விடுமுறை. ஆனாலும் உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். அவர், மனைவி, பின் அறையில் லென்ஸ் வெட்டும் இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆள். அந்த ஆளைக் கடையில் எல்லோரும் ‘சாணை’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயருக்கேற்ற ஆள். எதையும் உரசிப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

“உடைச்சுப் பாருங்க” என்று அவர் சாணையிடம் விசைப்பலகையைத் தள்ளினார்.

சாணை அரைமணி நேரம் பாடுபட்டார். வலது அளவை இடதில் நுழைக்கப் பார்த்தார். கட்டமே திறக்கவில்லை. இல்லாத கண்ணுக்கு லென்ஸ் கேட்டார். நிரல் கொடுக்கவில்லை. தையற்கடைக்காரம்மாவின் பழைய ஆர்டரை அதே தப்போடு போட்டுப் பார்த்தார். முதல் எண்ணிலேயே நிரல் நிறுத்திவிட்டது.

சாணை நாற்காலியில் சாய்ந்தார். “சார், பதினஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். என்னால ஒரு தப்பும் பண்ண முடியலை.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் பிறந்தார் என்று தோன்றியது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் நிஜமான நிம்மதி. அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து நெற்றியில் நின்ற கோடு அழிந்திருந்தது. அவருக்குச் சட்டைப் பொத்தான் இறுக்கமாக இருந்தது.

“இனிமே ஒண்ணுதான் பாக்கி” என்றாள் மனைவி. “நாற்காலியில ஆளை உக்காரவச்சு, அளவெடுத்து, இயந்திரம் வரைக்கும் முழுசா ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்.”

“ஏதாவது நம்பரைப் போட்டு...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வாய்க் கணக்கு செல்லாது. “சாணை உக்காரட்டும்.”

“எனக்குப் போன மாசம்தான் சார் அளந்தாங்க. ஆறு மாசத்துக்குள்ள மறுபடி அளந்தா ஏத்துக்காதுன்னு நீங்கதானே வச்சிருக்கீங்க.”

“நான் உக்காந்தா அளக்கிறது யாரு?” என்றாள் மனைவி.

அறையில் மிச்சமிருந்தது ஒரே ஆள். நிரல் வெற்றியின் விளிம்பில் நின்றது. அவர் கம்பீரமாக நாற்காலியில் ஏறினார்.

தூரப் பலகையைக் கடகடவென்று வாசித்தார். பிறகு மனைவி ஒரு சின்ன அட்டையைக் கம்பியில் மாட்டி முகத்துக்கு நேரே இழுத்தாள். கம்பி நீளாது. கையை நீட்டவும் இடமில்லை.

“வாசிங்க.”

“சூரியன்.”

“சுண்ணாம்பு” என்று அவள் அமைதியாகக் குறித்துக்கொண்டாள். “அடுத்தது.”

“அது... அச்சு சரியில்லை.”

கருவிகள் நகர்ந்தன. கண்ணுக்கு முன் லென்ஸ்கள் மாறின. திடீரென்று அட்டை கிட்டத்தில் வந்து நின்றது போல் இருந்தது. அச்சில் ஒரு குறையும் இல்லை. அதை அவர் வெளியே சொல்லவில்லை. கிட்டப் பார்வைக்குப் பிளஸ் ஒன்றேமுக்கால் என்று திரையில் விழுந்தது. கட்டமெல்லாம் பச்சை. தன் நிரல் ஓடுகிற அழகில் அவர் தன் கண்ணை மறந்தார்.

“சோதனைக்குத்தான். ஒரு ஃபிரேம் சொல்லுங்க.”

“அந்தக் கருப்பு.”

“கட்டைவிரல்.”

வைத்தார். பின் அறையில் இயந்திரம் உறுமியது.

“என்ன சத்தம்?”

“லென்ஸ் வெட்டுது சார்” என்று உள்ளேயிருந்து சாணையின் குரல் வந்தது. “நேரா ஆர்டர் வந்துடுச்சு. அருமையா இருக்கு.”

“நிறுத்துங்க. இது சும்மா சோதனைக்கு. ரத்துப் பண்ணு.”

“எதை அழுத்தணுங்க?” என்று மனைவி அக்கறையோடு கேட்டாள்.

அவர் கணினிமுன் போய் உட்கார்ந்தார். கடைக் கணினியில் எழுத்தெல்லாம் எறும்பு அளவு. பின்னால் சாய்ந்து பார்த்தார். நாற்காலியை ஓரடி தள்ளிப் பார்த்தார். கடைசியில் தொண்டையைச் செருமி, “மேல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசி” என்றார்.

“‘சம்மதிக்கப்பட்ட ஆர்டர்’னு எழுதியிருக்கு. கீழ ஒண்ணும் இல்லை.”

சாணை வாசலில் வந்து நின்றார். முகத்தில் கவலை. “ஏன் சார், தப்பான ஆர்டரா?”

மனைவியும் அவரைப் பார்த்தாள். ஆமாம் என்றால், தப்பே போட முடியாத நிரலில் முதல் ஆர்டரே தப்பு. பத்து நாளும் பாழ். இருபது வருடத் தத்துவமும் அதனோடு போகும். இல்லை என்றால், மூன்று வருடமாக மனைவி சொன்னது சரி.

இயந்திரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு இந்தச் சங்கடமெல்லாம் தெரியாது.

அவர் நிமிர்ந்தார். தன் இரு கண்களைவிடப் பெரிது தன் தொழிலின் மானம் என்று முடிவுசெய்த மனிதனின் குரலில் சொன்னார்:

“சரியான ஆர்டர்தான்.”

பத்து நிமிடத்தில் கண்ணாடி அவர் மூக்கில் ஏறியது. திரையில் தன் நிரலைத் திறந்து பார்த்தார். தான் எழுதிய நிரல் மேலிருந்து கீழ்வரை நாற்பது வரி தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் கழுவித் துடைத்தது போல். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறோம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. “நாளைக்குக் கடையைத் திறக்கப் பயமில்லாம வருவேன். எங்க வீட்டுக்காரர் எழுதினதுன்னு வர்றவங்ககிட்டச் சொல்லுவேன்.”

அவர் தோள் தானாக உயர்ந்தது. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி.

“உண்மையைச் சொல்லு. அளந்துக்காம வர்றவங்க, பாதியில வேண்டாங்கிறவங்கன்னு நீ கேட்டதெல்லாம் கடைக்காகவா, எனக்காகவா?”

அவள் அவர் காதோரம் கண்ணாடியின் காலைச் சரியாக உட்காரவைத்தாள்.

“நீங்க உங்க பேச்சை மட்டும்தான் கேப்பீங்க. அதான் உங்களையே எழுத வச்சேன்.”